சுவரின் ஈரமும் நெஞ்சின் ஈரமும்

நீரானது தனக்குரிய இடத்தில் நிற்குமாயின் அதனினும் இனியது பிறிதொன்றில்லை. ஏரியில் நின்றால் அது பயிர்க்கு உயிர். கிணற்றில் நின்றால் ஊருக்கு உயிர். குடத்தில் நின்றால் வீட்டிற்கு உயிர். அந்நீரே ஒரு முழம் விலகிச் சுவரினுட் புகுந்து நிற்குமாயின், வீட்டாரின் உறக்கத்தையும் பொருளையும் கெடுப்பதோடு, சில வேளைகளில் அவர்தம் நற்பெயரையும் கெடுத்துவிடும். இவ்வுண்மையை யாம் ஏட்டிற் கற்கவில்லை. திண்டிவனத்தில் உள்ள எம் இல்லத்துக் கூடத்தின் மேலைச் சுவரே எமக்கு ஆசானாய் நின்று ஓராண்டுக் காலம் இதனைக் கற்பித்தது. அவ்வாசானிடம் யாம் கேட்ட பாடத்தை இவ்விதழைப் படிக்கும் அன்பர்க்கு ஒளியாது உரைக்க விழைகின்றோம்.

எம் இல்லம் கிடங்கிலை அடுத்த ஒரு தெருவில் உள்ளது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படையிற் பாடிய நத்தத்தனார், அவனுடைய ஊர்களாக எயிற்பட்டினத்தையும் வேலூரையும் ஆமூரையும் கிடங்கிலையும் குறித்திருப்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். அக்கிடங்கிலே இந்நாளில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் விளங்குகின்றது. கிடங்கு என்பது அகழிக்கு ஒரு பெயர். பகைவரைத் தடுக்கும் பொருட்டு நீரைக் கோட்டைக்கு வெளியே நிறுத்தினர் முன்னோர். எம் வீட்டிலோ நீர் கோட்டைக்கு உள்ளேயே குடிபுகுந்து, எம்மையே பகைவர் ஆக்கிற்று.

எம் பாட்டனாரின் தந்தையார் கட்டிய வீடு அது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு பதினான்கு அங்குலக் கனத்தில் சுவர் எழுப்பி, மேலே மரவிட்டம் பரப்பித் தளவரிசை இட்டிருந்தனர். 2009-ஆம் ஆண்டில் எம் தந்தையார் பழைய மேற்றளத்தை அகற்றிக் காங்கிரீட்டு இட்டு, அதன்மேல் வாடகைக்கு விடுவதற்கென ஒரு மாடியையும் கட்டினார். அப்பொழுது மேனிலைத் தொட்டியினின்று அடுக்களைக்கு நீர் இறங்கும் இரும்புக் குழாய் கண்ணுக்குத் தோன்றுதல் அழகன்று எனக் கருதி, பழஞ்சுவரில் காடி வெட்டி அதனுட் குழாயைப் பதித்து, மேலே சிமெண்டு பூசி, பளபளக்கும் வண்ணமும் தீட்டச் செய்தார். வந்தோர் எல்லாரும், "சுவர் கண்ணாடி போல இருக்கிறதே!" என்று வியந்தனர். அவ்வியப்பின் விலையை யாம் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கொடுத்தோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இரவில் பெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அண்மையிற் கரையேறியதும், கரையேறிய பின்னும் விரைந்து செல்லாது நின்று பொழிந்ததும் இம்மாவட்டத்தார் எவரும் மறக்கவொண்ணாதவை. எம் ஊர்க்கு அண்மையில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை பெய்தது. டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையினின்று வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை இரு கரையும் தழுவி ஓடி விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் பலவற்றைச் சூழ்ந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே உள்ள இரயிற் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்து ஓடியமையால் வண்டிகள் நின்றன. எம் தெருவிலும் முழங்கால் அளவு நீர் நின்று வடிந்தது. ஆண்டவர் அருளால் எம் இல்லம் உயரமான அடித்தளத்தின்மேல் அமைந்தமையின் நீர் உட்புகவில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு வீட்டைத் தூய்மை செய்யும்பொழுது, கூடத்து மேலைச் சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்திற்கு ஒரு கறை தோன்றியிருப்பதை எம் அன்னையார் கண்டார். "புயல் மழையின் ஈரம், வெயில் வந்தால் உலரும்" என்றார் எம் தந்தையார். நாங்களும் அவ்வாறே நம்பினோம். ஐம்பது சென்டிமீட்டர் மழையின் மேல் எந்தப் பழியைத்தான் சுமத்தலாகாது?

தை பிறந்தது, மாசி வந்தது, கறை உலரவில்லை. உள்ளங்கை அளவினது முறத்தளவு ஆயிற்று. வண்ணம் கொப்புளித்து உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வெண்ணிறத் துகள் பூத்தது. அச்சுவரிற் பதித்த மர அலமாரியின் கதவு பருத்து மூட இயலாதாயிற்று. கூடத்தில் நுழைந்தவுடன் மண்ணும் பழந்துணியும் கலந்தாற் போன்றதொரு நாற்றம் வீசிற்று. இரவில் எம் பாட்டியார் விடாது இருமினார். "மூன்று மாதம் ஆகியும் புயலின் ஈரமா?" என்று அன்னையார் வினவியபொழுது, தந்தையார் மேனோக்கினார். மேனோக்கிய கண்ணுக்கு வானம் தெரியவில்லை, மாடி தெரிந்தது.

மாடியில் ஓர் அம்மையார் குடியிருந்தார். கணவர் வெளிநாட்டில் உழைக்க, தாம் தையல் வேலை செய்து தம் இரு சிறுவரை வளர்த்து வந்தார். அவர்தம் குளியலறை எம் கூடத்து மேலைச் சுவருக்கு நேர்மேலே இருந்தது. இஃதொன்றே போதியதாயிற்று. பிள்ளைகள் நீரை வாரி இறைத்து விளையாடுவதாலேயே சுவர் கெட்டது என்று எம் இல்லத்தில் முடிவு கட்டினோம். தந்தையார் ஒருமுறை சொன்னார், இருமுறை சொன்னார், மூன்றாம் முறை குரலை உயர்த்தினார். யாமும் வாளா இருந்தோமில்லை. ஒருநாள் மாடிப்படியில் அவ்விளைய சிறுவனை நிறுத்தி, "தம்பி, உன்னால் எங்கள் வீடு இடிந்து போகும்" என்று உரைத்தோம். எட்டு வயதுச் சிறுவன் விழி பிதுங்க எம்மைப் பார்த்துவிட்டு ஓடினான். அம்மையார் பலகால், "ஐயா, நாங்கள் பக்கெட்டில் அளந்து தானே குளிக்கிறோம்" என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டோம்? சித்திரையில் அவர் வீட்டைக் காலி செய்து, விழுப்புரத்தில் தம் தமையனார் இல்லத்துக்கு அருகே குடிபெயர்ந்தார். அவர் தந்திருந்த முன்பணத்தில் 12,000 ரூபாயைச் சுவரின் பழுதுக்கென்று கழித்துக்கொண்டே எம் தந்தையார் மீதத்தைக் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் எண்ணி வாங்கிக்கொண்டார்.

நிற்க. மாடி பூட்டிக் கிடந்தது. அங்கு ஒரு துளி நீரும் புழங்கவில்லை. மே மாதத்துக் கத்திரி வெயிலோ ஊரைக் காய்ச்சிற்று; தெருவில் தார் இளகிற்று. எம் சுவர் மட்டும் நாளுக்கு நாள் நனைந்தே வந்தது. ஒருநாள் மாலை அச்சுவரில் இருந்த மின்விசையைத் தொட்ட அன்னையார்க்குக் கை சுரீரென்றது. இனிப் பொறுத்தல் ஆகாது என்று குழாய் வேலை செய்யும் முதியவர் ஒருவரை அழைத்தோம்.

அவர் வந்தவுடன் செய்த முதல் வேலை சுவரைத் தொட்டதன்று. அச்சுவருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தியது. ஈரச் சுவரும் மின்கம்பியும் ஓரிடத்தில் இருத்தல் உயிருக்கு இறுதி என்று சொன்னார். பின்னர்ச் சுவரைக் கையால் தடவிப் பார்த்து, "மழை ஈரம் என்றால் மேலே இருந்தோ தரையில் இருந்தோ படிப்படியாகக் குறையும். இது நடுவில் மிகுதி, சுற்றிலும் குறைவு. உள்ளே இருந்து வருகிறது, ஐயா" என்றார். எம் தந்தையார் நம்பவில்லை. அவரோ வாதாடாமல் ஒரு சோதனை கூறினார். இரவு பத்து மணிக்கு மேல் எவரும் நீர் புழங்காமல், தொட்டியின் உட்புறத்தில் நீர்மட்டத்திற்கு ஒரு கோடு இட்டு, கீழே இறங்கும் குழாயின் வால்வைத் திறந்தே வைத்துக் காலை ஆறு மணிக்குப் பார்க்கவேண்டும். மறுநாள் இரவு அவ்வால்வை மூடிவிட்டு அவ்வாறே பார்க்கவேண்டும். இரண்டு இரவிற்கும் வேறுபாடு தோன்றினால் குழாயே குற்றவாளி.

யாமே கோடு இட்டோம். முதல் இரவு நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. இரண்டாம் இரவு மயிரிழையும் தாழவில்லை. 1,000 லிட்டர் கொள்ளும் எம் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழப் பத்து லிட்டர். எட்டு மணி நேரத்திற்குப் பத்து லிட்டர் எனின், ஒரு நாளைக்கு முப்பது. நூறு நாளைக்கு 3,000 லிட்டர்! நாள்தோறும் தொட்டியை நிரப்பி வந்தமையின் இவ்விழப்பு எவர் கண்ணிலும் படவில்லை. சிறு கசிவை எளிதாக எண்ணுவார் பொருட்டு இன்னொரு கணக்கும் கூறுவோம். வினாடிக்கு ஒரு துளி வீழின் ஒரு நாளில் 86,400 துளி. இருபது துளி ஒரு மில்லி லிட்டர் எனக் கொள்ளின், நாலேகால் லிட்டருக்குச் சற்று மிகுதி. ஓராண்டில் ஏறத்தாழ 1,577 லிட்டர். துளிதானே என்று சொல்வார் இக்கணக்கைச் செய்து பார்ப்பாராக.

மறுநாள் வால்வை மூடிச் சுவரை வெட்டினர். பளபளத்த வண்ணமும் அதன் கீழ் இருந்த சிமெண்டும் பாளம் பாளமாய் விழுந்தன. உள்ளே எல்போ எனப்பெறும் மூட்டு இணைப்பில், மரை வெட்டிய இடத்தில், குழாய் துருவேறி ஊசிமுனைத் துளை விட்டிருந்தது. இரும்பின் மேற் பூசிய துத்தநாகமே அதனைத் துருவினின்று காப்பது. மரை வெட்டும்பொழுது அப்பூச்சு நீங்குதலின், துரு முதன்முதல் அங்கேதான் பற்றும் என்றார் முதியவர். மேலே தொட்டியில் நீர் நின்ற நாளெல்லாம், திறந்த குழாயும் மூடிய குழாயும் என்னும் வேற்றுமையின்றி, அத்துளை சுவருக்கு நீர் ஊட்டி வந்திருக்கின்றது. புயலும் குற்றம் செய்யவில்லை. மாடிச் சிறுவரும் குற்றம் செய்யவில்லை. எம் தந்தையார் விரும்பி மறைத்த குழாயே அது. எந்தையார் கையிலிருந்த விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசாது நின்றார்.

அன்றிரவு குடும்ப ஜெபத்திற்கு வேதாகமத்தை எடுக்க அச்சுவரலமாரியைத் திறந்தோம். பருத்த கதவு அன்றுதான் பெயர்த்து எடுக்கப்பட்டது. உள்ளே கண்ட காட்சியை எவ்வாறு உரைப்போம்! எம் முப்பாட்டனார் காலந்தொட்டு வந்த பெரிய வேதாகமம் அலமாரியின் அடித்தட்டில், பின்சுவரோடு ஒட்டி, ஊறிக் கிடந்தது. அதன் முற்பக்கங்களில் எம் குடும்பத்தாரின் பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் இறப்பும் எழுதப்பட்டிருந்தன. முப்பாட்டனார் கருமையால் எழுதியவை நின்றன. எம் தந்தையார் பந்துமுனைப் பேனாவால் எழுதியவையும் நின்றன. இடையே எம் பாட்டனார் நீல மையால் எழுதிய ஒரு பக்கம் முழுதும் கரைந்து நீலமேகம் போற் பரவிக் கிடந்தது. அப்பக்கத்திலேதான் எம் பாட்டியாரின் மூத்த மகவு, பதினொரு நாளே வாழ்ந்த பெண் மகவு, எழுதப்பட்டிருந்தது. அக்குழந்தைக்குப் படம் இல்லை, பத்திரம் இல்லை, அவ்வொரு வரியே இருந்தது. பாட்டியார் அப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தம் கட்டிலுக்குச் சென்றார்.

நனைந்த நூலை மீட்கும் வழிகளைக் கல்லூரி நூலகத்திற் கற்றோம். 1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில் ஆர்னோ ஆறு பெருகித் தேசிய நூலகத்தினுட் புகுந்தபொழுது, பல நாடுகளினின்று வந்த இளைஞர் சேற்றில் இறங்கி நூல்களைக் கைமாற்றி எடுத்து உலர்த்தினர். அவர்களைச் சேற்றுத் தேவதூதர் என்று அந்நகரத்தார் அழைத்தனர். நனைந்த ஏடு இரண்டு மூன்று நாட்களுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வெயிலிற் காயவைத்தால் தாள் முறுகிப் பிளக்கும். ஒட்டிய தாள்களை வலிந்து பிரித்தால் கிழியும். ஆகவே சில தாள்களுக்கு ஒரு முறை அச்சில்லாத உறிஞ்சுதாளை இடையிட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்து, உறிஞ்சுதாளை அடிக்கடி மாற்றினோம். பூஞ்சையை அகற்றும்பொழுது மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டோம். இருபது நாளில் வேதாகமம் உலர்ந்தது. பருத்தும் கோணியும் இருப்பினும் படிக்கலாகும். கரைந்த பக்கம் மட்டும் கரைந்ததே.

அவ்வாறு தாள் மாற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில், லேவியராகமத்துப் பதினான்காம் அதிகாரம் எம் கண்முன் விரிந்திருந்தது. சுவரிற் பச்சையும் சிவப்புமாய்க் குழிந்த வடுத் தோன்றும் வீட்டை எவ்வாறு நடத்தவேண்டும் என்று அங்கே கூறப்பட்டிருக்கின்றது. முதலில் வீட்டில் உள்ள பொருள்களை வெளியேற்றவேண்டும். ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்துப் பார்க்கவேண்டும். வடுப் படர்ந்திருந்தால் அக்கற்களைப் பெயர்த்துப் பட்டணத்துக்கு வெளியே கொட்டவேண்டும், சுற்றிலும் சுரண்டவேண்டும், வேறு கல்லும் வேறு சாந்தும் கொண்டு பூசவேண்டும். சிறுவயதில் யாம் சலிப்போடு கடந்துசென்ற அதிகாரம் இது. இப்பொழுதோ கைதேர்ந்த கொத்தனார் ஒருவரின் குறிப்பைப் படிப்பது போல இருந்தது. அதனினும் எம்மைத் தைத்தது மற்றொன்று. வீட்டுக்காரன் தானே ஆசாரியனிடம் சென்று, தன் வீட்டில் ஏதோ தோஷம் தோன்றுகின்றது என்று அறிவிக்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் தொடக்கம். அவன் அயலான் வீட்டைச் சுட்டவில்லை. தன் வீட்டைச் சொன்ன பின்னரே ஆசாரியன் வருகின்றான்.

இதனை யாம் எந்தையார்க்குப் படித்துக் காட்டினோம். அவர், "ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விழுப்புரம் போவோம்" என்றார்.

ஜூன் மாதத்து ஞாயிறொன்றில் இருவரும் இரயிலேறினோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் கழிந்தன. ஆறு மாதத்திற்கு முன் வெள்ளம் தொட்ட பாலத்தின் மேல் வண்டி மெல்ல ஊர்ந்தது; கீழே மணலே கிடந்தது. வழிநெடுகத் தந்தையார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்த வண்ணம் இருந்தார். அதில் 12,000 ரூபாய் இருந்தது.

அம்மையார் எங்களைக் கண்டு திடுக்கிட்டு, "வாங்க ஐயா" என்று பாயை விரித்தார். தையற் பொறியின் மேல் அரைகுறையாய்த் தைத்த பள்ளிச் சீருடை கிடந்தது. எந்தையார் அமராமலேயே, "அம்மா, தப்பு எங்கள் வீட்டுக் குழாயில் இருந்தது. உங்களையும் பிள்ளைகளையும் வீணாகப் பழித்தேன். மன்னிக்கவேண்டும்" என்று கூறிப் பணத்தை நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை, அழவும் இல்லை. சற்று நேரம் சென்றபின், "பணத்துக்காக வருத்தப்படவில்லை, ஐயா. நீங்கள் சொன்னதை நம்பி, தண்ணீர் சிந்தாதே சிந்தாதே என்று சின்னவனை நாள்தோறும் அடித்தேன். அவன் சிந்தவில்லை அம்மா என்று அழுதான். அதையும் நான் நம்பவில்லை. இப்பொழுதும் அவன் ஒரு சொம்புத் தண்ணீரில்தான் குளிக்கிறான். அந்த அடியை நான் எப்படித் திருப்பி வாங்குவேன்?" என்றார்.

எமக்கு விடை தோன்றவில்லை. எந்தையார்க்கும் தோன்றவில்லை. வெட்டிய சுவரை மூடலாம். கழித்த பணத்தைக் கொடுக்கலாம். விழுந்த அடியை எக்கொத்தனாரைக் கொண்டு பூசுவது? மாடிக்கே திரும்பி வருமாறு எந்தையார் வேண்டினார். பிள்ளைகளை அவ்வூர்ப் பள்ளியிற் சேர்த்துவிட்டமையால் வர இயலாது என்று அவர் மறுத்தார். பின்னர்ப் பணத்தை வாங்கிக்கொண்டு, எங்கட்கு மோர் தந்து அனுப்பினார்.

இனிச் சுவரின் செய்தியைக் கூறுவோம். புதுக் குழாயைச் சுவரினுட் பதியாமல், எல்லாரும் காணுமாறு வெளிப்புறத்திலேயே இறக்கினோம். ஈரம் படர்ந்த எல்லைக்கு மேலும் இரண்டடி வரை சிமெண்டுப் பூச்சு முழுவதையும் சுரண்டிச் செங்கல்லை வெறுமையாக விட்டோம். பழைய வீடு கட்டிப் பழகிய கொத்தனார் ஒருவர் இதன் காரணத்தை விளக்கினார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உண்டு, காற்றில் அதனை மெல்ல விட்டுவிடும் இயல்புடையது. 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் உரிமம் பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு, வலிமையில் மிக்கதாயினும் அத்துணை எளிதில் ஈரத்தை விடாது. அதன்மேல் எண்ணெய் வண்ணமும் தீட்டிவிட்டால், மூச்சுவிடும் மனிதனின் வாயையும் மூக்கையும் கட்டியதற்கு ஒப்பாகும். உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் செங்கல்லில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு ஊர்ந்து திரியும்.

வெண்ணிறமாய்ப் பூத்த துகள் அவ்வுப்பே. எம் ஊர்க்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களில் நிகழ்வதே எம் சுவரிலும் நிகழ்ந்தது. ஆங்கே பாத்தியில் நிறுத்திய கடல்நீரை ஞாயிறு உண்ண, உப்பு எஞ்சுகின்றது. ஈங்கே சுவரின் முகத்திற்கு வந்த நீரைக் காற்று உண்ண, உப்பு எஞ்சுகின்றது. எஞ்சிய உப்புப் படிகமாய் வளர்ந்து பூச்சை நெம்பித் தள்ளுகின்றது. அதனை ஈரத்துணியால் துடைத்தால் மீண்டும் கரைந்து உள்ளே புகும். ஆகவே உலர்ந்த தூரிகையால் தட்டி, முறத்திற் பிடித்து, வெளியே கொட்டவேண்டும். வாரந்தோறும் அவ்வேலையை யாம் செய்தோம். முதல் மாதத்தில் கைப்பிடி கைப்பிடியாய் வந்தது. ஆறாம் மாதத்தில் ஒரு சிட்டிகை அளவே வந்தது.

எந்தையார் ஒரு மாதத்திற்குள் பூசிவிட விரும்பினார். கொத்தனாரோ, "அங்குலத்துக்கு ஒரு மாதம் ஐயா. அவசரப்பட்டுப் பூசினால் அடுத்த வருஷம் என்னையே மறுபடி கூப்பிடுவீர்கள்" என்றார். சுவர் உலர்ந்ததா என்பதை அறிய எளியதொரு வழியையும் காட்டினார். ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால், ஈரம் உள்ளவரையில் தாளின் உட்புறத்தே முத்து முத்தாய் நீர் அரும்பும். மாதந்தோறும் ஒட்டினோம், மாதந்தோறும் அரும்பிற்று. மழைக்காலமும் வந்தது. ஆகவே 2025-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவை, கூடத்தின் ஒரு சுவர் தோலுரித்த நிலையிலேயே நிற்கக் கொண்டாடினோம். வண்ணத்தாளால் மறைத்துவிடலாம் என்று யாம் கூறியபொழுது, "மறைத்தது போதும்" என்றார் தந்தையார்.

அவ்விழாவிற்கு அம்மையாரையும் பிள்ளைகளையும் எம் அன்னையார் அழைத்திருந்தார். அவர்கள் வருவார்கள் என்று யாம் எண்ணவில்லை, வந்தார்கள். இளைய சிறுவன் கூடத்தில் நுழைந்ததும் அச்சுவரைப் பார்த்து வாயிலிலேயே நின்றுவிட்டான். யாம் அவன்முன் முழந்தாளிட்டு, வெளியே இறங்கும் புதுக் குழாயையும், வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த துருவேறிய எல்போவையும் காட்டி, "தம்பி, இதுதான் செய்தது. நீ செய்யவில்லை. அண்ணன் சொன்னது பொய்" என்றோம். அவன் எல்போவை வாங்கித் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தான். பிறகு உணவுக்கு முன் கைகழுவப் புழைக்கடைக்குச் சென்றவன், குழாயைத் திறந்து, நூலிழை போல ஒழுகவிட்டுக் கைகழுவத் தொடங்கினான். எம் பாட்டியார் அதனைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் ஒரு செம்பு நிறைய நீரை மொண்டு, அவன் கைகளின் மேல், முழங்கை நனைய, தரையெல்லாம் சிந்த, கவிழ்த்தார். அவன் நிமிர்ந்து தன் தாயைப் பார்த்தான். தாய் சிரித்தார். பாட்டியார் இன்னொரு செம்பு மொண்டார்.

அன்றிரவே பாட்டியார் எம்மை அழைத்து, வேதாகமத்தில் உலர்ந்த வெற்றுத்தாள் ஒன்றில், தாம் சொல்லச் சொல்ல, கரைந்துபோன பக்கத்தை மறுபடியும் எழுதப் பணித்தார். நாளும் கிழமையும் ஒன்றும் தவறாமல் சொன்னார். பதினொரு நாள் வாழ்ந்த அம்மகவின் பெயரையும் சொன்னார். நீர் ஏட்டினின்று அழித்தது அவர் நெஞ்சினின்று அழியவில்லை. இம்முறை நீரிற் கரையாத மையால் எழுதினோம்.

பொங்கல் கழிந்து பனி நீங்கியபின் ஒட்டிய தாளில் நீர் அரும்பவில்லை. சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து, கொத்தனார் இரு கட்டமாகப் பூசினார். சூளையில் வெந்தபொழுது இழந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்பு காற்றினின்று மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகின்றது. ஆதலின் அதற்கும் பொறுமை வேண்டும். இன்று அச்சுவர் வெள்ளையடித்து நிற்கின்றது. கண்ணாடி போல் இல்லை. சற்றே மேடுபள்ளமாய் இருக்கின்றது. அதன் அருகே குழாய் வெளிப்படையாய் இறங்குகின்றது. வருவோர் அழகில்லை என்பர். ஒரு துளி கசிந்தாலும் அன்றே தெரியும் என்பது எங்கட்குப் போதும்.

தமிழ் பயிலும் எமக்கு இவ்வோராண்டில் சில சொற்கள் புதிதாய் விளங்கின. ஒழுகுதல் என்னும் ஒரே சொல் நீர் கசிதலையும் குறிக்கும். மனிதர் நடத்தலையும் குறிக்கும். ஒழுக்கு என்பதும் ஒழுக்கம் என்பதும் ஒருவேரிற் பிறந்தவை. எம் வீட்டு ஒழுக்கே எம் ஒழுக்கம் இத்தன்மையது என்று எமக்குக் காட்டிற்று. ஈரம் என்பதும் அவ்வாறே. சுவரில் இருந்தால் அது கேடு; நெஞ்சில் இருந்தால் அதுவே அன்பு. சென்ற ஆண்டில் எம் இல்லத்தில் ஈரம் இருந்தது; இருக்கவேண்டிய இடத்தில்தான் இல்லை. சுவரை உலர்த்த ஒன்பது மாதம் ஆயிற்று. நெஞ்சை நனைக்க ஒரு சிறுவன் அடிபட வேண்டியிருந்தது என்பதை எண்ணும்பொழுது இன்றும் நாணுகின்றோம்.

ஆதலின் தோழர்காள்! நும் இல்லத்துச் சுவரிற் கறை தோன்றின், புயலை நோவாதீர், மாடியை நோக்காதீர். முதற்கண் மின்சாரத்தை நிறுத்துமின். இரவில் தொட்டியில் ஒரு கோடு இடுமின். விடிந்ததும் அதனைப் பார்த்து, அது சொல்வதை ஏற்றுக்கொள்ளுமின்.